செயற்கை முழங்கால் சில்லில் எதைத் திருத்துவது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மெக்கானிக்கல் இறுதியாண்டு புராஜெக்டுக்கு, முழங்கால் மாற்று அறுவையில் வைக்கும் செயற்கைச் சில்லை எடுத்திருக்கிறீர்கள். சந்தையில் கிடைப்பது வட்டமான ஒரு பட்டன். மனிதரின் சில்லோ அப்படி இல்லை. ஆகவே நோயாளியின் சிடி ஸ்கேனை வைத்து அவரவர் சில்லைப் போலவே 3டி பிரிண்ட் செய்து பொருத்தினால், மூட்டு மாற்றிய பிறகும் சிலரை விடாத முன்பக்க வலி தீருமா என்று கேட்கிறீர்கள். வடிவத்தைப் பற்றிய கேள்வியாகத் தெரிந்தாலும் அதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது: அந்த வலிக்கும் தோல்விக்கும் காரணம் பட்டனின் வடிவம்தானா? பெரும்பாலும் இல்லை என்பதுதான் என் பதில். ஏன் என்று சொல்ல நேரமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இம்பிளான்ட் வடிவமைப்பிலும் சோதனையிலும் வேலை பார்த்தவன், அறுவை மருத்துவன் அல்ல. ஆபரேஷன் தியேட்டரில் நடப்பதைப் பற்றி நான் சொல்வதெல்லாம் மருத்துவர்களுக்குப் பக்கத்தில் நின்று பார்த்ததும் அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும்தான். உங்கள் அம்மாவோ அப்பாவோ மூட்டு மாற்றிக்கொண்டு வலியோடு இருந்தால், இதை வைத்து முடிவெடுக்காமல் அவர்களுடைய மருத்துவரைப் பாருங்கள்.

ஒரு தவறான எண்ணத்தை முதலில் ஒதுக்கிவிடலாம். முழங்கால் மாற்றில் சில்லு முழுவதையும் கழற்றிவிட்டு வேறொன்று வைப்பதில்லை. சில்லு தொடைத் தசையின் நாணுக்குள் புதைந்திருக்கும் எலும்பு. அந்த நாணை மூட்டிலிருந்து முன்னே தள்ளி நிறுத்தி, தசைக்கு நெம்புகோல் பலம் கொடுப்பது அதன் வேலை. அதை எடுத்துவிட்டால் காலை முழுசாக நீட்டத் தொடைத் தசை 30 சதவீதம் வரை கூடுதலாக இழுக்க வேண்டியிருக்கும். அதனால் சில்லின் பின்பக்கத்தில், தேய்ந்த குருத்தெலும்பு இருக்கும் பரப்பை மட்டும் ரம்பத்தால் சீவி எடுத்து, அங்கே எட்டு முதல் பத்து மில்லிமீட்டர் தடிமனுள்ள பாலிஎத்திலீன் பட்டனை எலும்புச் சிமென்ட் வைத்து ஒட்டுகிறார்கள். முன்பக்க எலும்பு நோயாளியின் சொந்த எலும்புதான். நீங்கள் வடிவமைக்கப் போவது அந்தச் சில மில்லிமீட்டரை மட்டும்.

அந்தச் சில மில்லிமீட்டரின் கதை பழையது. 1955-லேயே மெக்கீவர் என்ற அமெரிக்க மருத்துவர் சில்லின் பின்புறத்துக்கு வைட்டாலியம் உலோகத்தில் மூடி செய்து திருகால் பொருத்தினார். 1970களின் தொடக்கத்தில் வந்த முழு முழங்கால் மாற்றுகள் பலவற்றில் சில்லுக்கென்று எதுவுமே கிடையாது. முன்பக்க வலி பெரிய குறையாக நின்றது. 1974-இல் நியூயார்க்கில் இன்சால் என்ற அறுவை மருத்துவரின் குழு கொண்டுவந்த டோட்டல் காண்டைலர் மூட்டில் குவிமாட வடிவப் பாலிஎத்திலீன் பட்டனும் இருந்தது. இன்றைக்கு நீங்கள் கையில் எடுத்துப் பார்க்கும் பட்டன் அதன் நேர் வாரிசு. எலும்புக்குள் இறங்கிப் பிடிக்க நடுவில் இருந்த ஒற்றைப் பெரிய முளை போய் மூன்று சிறிய முளைகள் வந்திருக்கின்றன, பாலிஎத்திலீன் மேம்பட்டிருக்கிறது, அவ்வளவே. ஐம்பது வருடமாக ஒரு வடிவம் மாறாமல் நிற்கிறது என்றால், யாருக்கும் வேறு யோசனை வராததால் அல்ல. குவிமாடத்துக்குத் திசை கிடையாது. சற்றுத் திருப்பி ஒட்டினாலும், இரண்டு மூன்று டிகிரி சாய்த்து ஒட்டினாலும், எதிரே தொடை எலும்புப் பாகத்தில் இருக்கும் பள்ளத்துக்குக் கிட்டத்தட்ட அதே வளைவைத்தான் காட்டும். மனிதக் கை செய்யும் பிழையை இவ்வளவு பொறுத்துக்கொள்கிற வடிவம் வேறு இல்லை.

அதற்கு விலையும் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். சமதளத்தில் நடக்கும்போது சில்லுக்கும் தொடை எலும்புக்கும் நடுவே உடல் எடையில் பாதி அளவு விசை. படி ஏறி இறங்கும்போது மூன்று மடங்கைத் தாண்டும். ஆழமாகக் குந்தினால் ஏழெட்டு மடங்கு. 70 கிலோ ஆளுக்குப் படிக்கட்டில் 2,100 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். இயற்கைச் சில்லு சுமார் 4 சதுர சென்டிமீட்டர் பரப்பில் இதைத் தாங்கினால் சராசரி அழுத்தம் 5 மெகாபாஸ்கல்தான். குவிமாடப் பட்டனின் தொடுபரப்பு 60 சதுர மில்லிமீட்டராகச் சுருங்கினால் அதே விசை 35 மெகாபாஸ்கலாகிறது. பாலிஎத்திலீன் 20 மெகாபாஸ்கலை ஒட்டியே விட்டுக்கொடுக்கத் தொடங்கிவிடும். அதாவது, பாடப்புத்தகக் கணக்குப்படி இந்தப் பட்டன் முதல் மாதமே தோற்றிருக்க வேண்டும்.

தோற்காததற்குக் காரணம், அது நெளிந்து தனக்கு ஒரு தொடுபரப்பைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. மறு அறுவையில் கழற்றிய பட்டன் ஒன்றை லென்ஸ் வைத்துப் பாருங்கள், புரிந்துவிடும். வெள்ளையாக உள்ளே போன பட்டன் மூட்டுத் திரவத்தின் கொழுப்பை உறிஞ்சி மஞ்சளித்திருக்கும். குவிமாடத்தின் உச்சி அநேகமாக அப்படியே இருக்கும். காலின் வெளிப்பக்கம் நோக்கிய சரிவு மட்டும் பளபளவென்று தட்டையாகியிருக்கும். அந்தப் பக்கத்து விளிம்பில் பாலிஎத்திலீன் வெளியே வழிந்து மெல்லிய உதடு கட்டியிருக்கும். தேய்ந்து காணாமல் போனதைவிட நசுங்கி இடம் மாறியதுதான் அதிகம். இப்படி உருமாறிய பட்டன்கள் பத்துப் பதினைந்து வருடம் ஒழுங்காகவே வேலை செய்திருக்கின்றன. சிமென்டில் ஒட்டிய, மூன்று முளையுள்ள, முழுக்கப் பாலிஎத்திலீன் பட்டன் நம்பகமானது என்பதில் இன்று பெரிய சர்ச்சை இல்லை. நீங்கள் எதைப் புதிதாகச் செய்தாலும் அதை இதோடுதான் ஒப்பிடுவார்கள்.

உங்கள் 3டி பிரிண்ட் யோசனைக்கு வருகிறேன். மூட்டுக்குப் பயன்படும் மிகை மூலக்கூறு எடைப் பாலிஎத்திலீன் உருகினாலும் ஓடாது. அதை அச்சில் அழுத்தி வார்த்தோ, கம்பியாகத் தள்ளிக் கடைந்தோதான் செய்ய முடியும். உங்கள் கல்லூரி பிரிண்டரில் வருவது வெறும் மாதிரி உரு மட்டுமே. பிரிண்ட் செய்ய முடிவது, பட்டனுக்குப் பின்னால் எலும்பைத் தொட்டபடி இருக்கும் முதுகுத் தகடு: எலும்பு உள்ளே வளரும்படி நுண்துளை வைத்த டைட்டானியம். அதன்மேல் பாலிஎத்திலீனை அழுத்தி வார்க்கலாம். சிமென்ட் இல்லாத இப்படிப்பட்ட சில்லுகள் ஏற்கெனவே விற்பனையில் இருக்கின்றன. ஆனால் உலோக முதுகு என்றதும் இந்தத் துறையில் பழைய ஆட்கள் முகம் சுளிப்பார்கள், காரணமும் உண்டு.

1980களில் பலரும் உலோக முதுகுக்கு மாறினார்கள். உலோகம் விசையைப் பரப்பிக் கொடுக்கும், பாலிஎத்திலீன் நெளியாது என்பது எண்ணம். காகிதத்தில் சரியாகவே இருந்தது. சில்லின் மொத்தத் தடிமன் கூடக் கூடாது, தகட்டுக்கும் இடம் வேண்டும் என்றால் எதைக் குறைப்பது? பாலிஎத்திலீனைத்தான். நடுவில் போதிய தடிமன் இருந்தாலும் விளிம்பில் ஓரிரு மில்லிமீட்டர்தான் மிஞ்சியது. சற்று முன் சொன்னேன் அல்லவா, பட்டன் நசுங்குவது வெளிப்பக்க விளிம்பில் என்று. சரியாக அங்கேயே பாலிஎத்திலீன் கிழிந்து, உள்ளிருந்த தகடு தொடை எலும்பின் உலோகத்தில் உரசத் தொடங்கியது. முளைகள் முறிந்தன, பாலிஎத்திலீன் தகட்டிலிருந்து கழன்றது; மூட்டைத் திறந்தால் கருப்புத் திரவமும் கறை பிடித்த திசுவும். 1988 வாக்கில் இந்தத் தோல்விகள் வரிசையாக அச்சேறின, பெரும்பாலோர் பழைய பட்டனுக்கே திரும்பினார்கள். விதிவிலக்காக நின்றது நியூஜெர்சியில் பூகெல், பாப்பாஸ் இருவரும் உருவாக்கிய சுழலும் சில்லு. அதில் உலோக முதுகு இருந்தும், மேற்பரப்பு எதிர்ப் பள்ளத்தோடு நன்றாகப் பொருந்திச் சேர்ந்து திரும்பியதால் விளிம்பில் அழுத்தம் குவியவில்லை.

இன்றைய குறுக்கிணைப்புப் பாலிஎத்திலீன், அதாவது மூலக்கூறுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைத்த பாலிஎத்திலீன், அன்றையதைவிட நல்லது. அன்று காற்றில் வைத்துக் காமா கதிரால் கிருமி நீக்கியதில் பாலிஎத்திலீன் ஆக்சிஜனேற்றம் அடைந்து அடுக்கடுக்காக உரிந்தது. அந்தத் தவறு இப்போது கிடையாது. ஆனால் குறுக்கிணைப்பு கூடக் கூட விரிசலைத் தாங்கும் பலம் குறையும், முளை மாதிரி மெல்லிய இடங்களில் அது முக்கியம். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும் என்பது இந்தப் பொருளின் குணம். 1970களின் பிற்பகுதியில் கார்பன் நார் கலந்து பலமாக்கப் பார்த்து, அது எதிர்பார்த்ததைவிட மோசமாகத் தேய்ந்து கைவிடப்பட்டது தனிக்கதை. நவீன நுண்துளை டைட்டானியம் எலும்போடு நன்றாகப் பிடிக்கிறது என்பது உறுதி; சிமென்ட் பட்டனுக்கு இருக்கும் முப்பது நாற்பது வருட அனுபவம் அதற்கு இன்னும் சேரவில்லை என்பதும் உறுதி.

சரி, வடிவம்? இயற்கைச் சில்லைப் போல இரு சரிவும் நடுவே வரப்பும் கொண்ட பட்டன்கள் பல வருடமாகவே உண்டு. உச்சியை நடுவிலிருந்து உட்பக்கம் தள்ளிய குவிமாடமும் உண்டு. சேணம் போன்ற வடிவங்கள் தொடுபரப்பைக் கூட்டுகின்றன, ஆய்வுக்கூடத்தில் அழுத்தம் குறைவதைக் காட்டிவிடலாம். நோயாளிக்கு வலி குறைகிறதா, மறு அறுவை குறைகிறதா என்று பார்த்தால் முடிவுகள் ஒரே பக்கம் சாயவில்லை. எனக்குத் தோன்றும் காரணம், இந்த வடிவங்களுக்குத் திசை உண்டு. ஐந்து டிகிரி திருகி ஒட்டினால் அனுகூலம் அத்தனையும் போய், விளிம்பு விளிம்போடு உரசும். ஆளுக்கேற்ற வடிவம் என்று நீங்கள் சொல்வது இதன் உச்சம். தேய்ந்து உருக்குலைந்த ஒரு சில்லின் ஸ்கேனை வைத்து அதன் பழைய வடிவத்தை ஊகித்து, அதை எதிரே இருக்கும், அந்த நோயாளியுடையது அல்லாத ஓர் உலோகப் பள்ளத்தில் ஓட விடப் போகிறீர்கள். சாவியை மட்டும் அளவெடுத்துச் செய்துவிட்டுப் பூட்டைக் கடையில் வாங்குவது போன்றது அது.

அந்தப் பூட்டில்தான், அதாவது தொடை எலும்புப் பாகத்தின் முன்பள்ளத்தில்தான், கடந்த நாற்பது வருடத்தின் உண்மையான முன்னேற்றம் நடந்தது. பழைய பாகங்களில் பள்ளம் ஆழமில்லாமல், இடது வலது வித்தியாசமில்லாமல் இருந்தது. பிறகு பள்ளத்தை ஆழமாக்கி மேல்நோக்கி நீட்டினார்கள், வெளிப்பக்கச் சுவரை உயர்த்தினார்கள், பள்ளத்தின் திசையைச் சில டிகிரி வெளியே சாய்த்தார்கள். கால் நீட்டியிருந்து மடங்கத் தொடங்கும் முதல் முப்பது டிகிரியில் சில்லு பள்ளத்துக்குள் பிடிமானமாக இறங்குவது இதனால்தான். இன்னொரு உதாரணம் 'கிளங்க்' என்கிற பிரச்சினை. மூட்டுக்குள் இருக்கும் பின்புறச் சிலுவை இணைப்புநாருக்குப் பதில் தொடைப் பாகத்தின் நடுவில் பெட்டி வைத்த மூட்டுகளில், சில்லின் மேல்நுனியில் நார்க்கட்டி ஒன்று வளர்ந்து, கால் மடங்கும்போது பெட்டிக்குள் விழுந்து, நீட்டும்போது 'டொக்'கென்று வெளியே துள்ளும். 1989-இல் இதை விவரித்து எழுதினார்கள். தீர்வு பட்டனில் கிடைக்கவில்லை. பெட்டியின் முன்விளிம்பைப் பின்னுக்குத் தள்ளி மழுக்கியபோது கிடைத்தது.

அதைவிடப் பெரியது, பாகங்களை எந்தத் திருப்பத்தில் வைக்கிறார்கள் என்பது. 1998-இல் பெர்கரும் அவர் குழுவினரும் சில்லுத் தொல்லையுள்ள மாற்று மூட்டுகளை சிடி எடுத்துப் பார்த்தார்கள். தொடைப் பாகமும் கீழ்க்கால் பாகமும் சேர்ந்து 1 முதல் 4 டிகிரி உட்பக்கம் திரும்பியிருந்தவர்களுக்குச் சில்லு சாய்ந்து ஓடியது; 3 முதல் 8 டிகிரியில் பாதி விலகியது; 7 முதல் 17 டிகிரியில் முழுசாக நழுவியது அல்லது பாகமே தோற்றது. திருப்பம் கூடக் கூடத் தொல்லையும் கூடுகிறது. எந்தப் பட்டன் வடிவமும் இதைச் சரிக்கட்டாது.

கடைசியாக, நம் ஊர் நோயாளிகளுக்கு மிக முக்கியமானதாக நான் நினைப்பது தடிமன். சில்லை மேற்குநாட்டுப் பாடங்களில் 22 முதல் 25 மில்லிமீட்டர் என்று போட்டிருப்பார்கள். நம் பெண்களில் 20-ஐ ஒட்டி, அதற்குக் கீழேயும் சாதாரணமாக வரும். மீதி எலும்பு 12 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது, போனால் உடையும் அபாயம் என்பது பொதுவாகப் பின்பற்றும் வரம்பு. கேலிப்பர் 20 காட்டுகிறது என்று வையுங்கள். 8 சீவி 8 வைத்தால் கணக்கு சரி. பட்டன் 9 என்றால்? 9 சீவினால் 11 எலும்புதான் மிச்சம். 8 மட்டும் சீவினால் மூட்டு ஒரு மில்லிமீட்டர் தடித்துவிடுகிறது. தடித்தால் மூட்டு இறுகும். பெங்ஸும் ஸ்காட்டும் 2006-இல் தியேட்டரிலேயே அளந்து பார்த்ததில், சில்லில் கூடும் ஒவ்வொரு 2 மில்லிமீட்டருக்கும் மடக்கம் சுமார் 3 டிகிரி குறைந்தது. சம்மணமிடவும் தரையில் உட்காரவும் ஆசைப்படும் நோயாளிக்கு அது சின்ன இழப்பல்ல. இத்தனைக்கும் ரம்பத் தகட்டின் தடிமனே ஒரு மில்லிமீட்டருக்கு மேல். சில்லைத் திருப்பிப் பிடித்து, கவ்வியில் இறுக்கி, வழுக்கும் எலும்பில் வெட்டும்போது ஒரு பக்கம் இரண்டு மில்லிமீட்டர் ஏறிப் போவது சர்வசாதாரணம். வெட்டு சாய்ந்தால் பட்டன் சாயும், பட்டன் சாய்ந்தால் அழுத்தம் வெளிவிளிம்புக்குப் போகும். கழற்றிய பட்டனில் பார்த்த அந்த உதடு பல நேரம் இங்கேதான் தொடங்குகிறது.

இன்னொரு விவாதத்தைச் சுருக்கமாகத் தொட்டுவிடுகிறேன்: சில்லை மாற்றத்தான், அதாவது அதில் பட்டன் வைக்கத்தான், வேண்டுமா? அமெரிக்காவில் பெரும்பாலோர் மாற்றுகிறார்கள், ஸ்வீடனில் மிகச் சிலரே. மாற்றியவர்களுக்குப் பின்னால் மறு அறுவை குறைகிறது. வலியிலும் நடமாட்டத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. 2020-இல் இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு மாற்றும்படி பரிந்துரைத்தது. ஆனால் மறு அறுவை எண்ணிக்கையை அப்படியே நம்பாதீர்கள். சில்லை மாற்றாத ஒருவர் வலி என்று வந்தால், 'பட்டன் வைத்துப் பார்க்கலாம்' என்று மருத்துவருக்குச் செய்ய ஒரு வேலை கையில் இருக்கிறது. மாற்றியவருக்கு அது இல்லை. எண்ணிக்கை வித்தியாசத்தில் ஒரு பங்கு அதனால் வருவது. தாமதமாகப் பட்டன் வைத்த பிறகும் பலருக்கு வலி போவதில்லை என்பது, வலியின் வேர் வேறிடத்தில் என்பதற்கு இன்னொரு சாட்சி.

விலையையும் சொல்ல வேண்டும். 2017 ஆகஸ்டில் இந்திய அரசின் மருந்து விலை ஆணையம் கோபால்ட் குரோமிய மூட்டுக்கு 54,720 ரூபாய் உச்சவரம்பு வைத்தபோது, அதில் சில்லின் பங்கு 4,090 ரூபாய். அந்த மாதிரி விலைக்குள் ஆளுக்கொரு சிடி, ஆளுக்கொரு டிசைன், ஆளுக்கொரு பிரிண்ட் அடங்காது.

ஆக, புராஜெக்டுக்கு என் யோசனை: எல்லாம் கச்சிதமாகப் பொருந்திய நிலையில் எந்த வடிவம் குறைந்த அழுத்தம் தருகிறது என்று பார்க்காதீர்கள், அதை நிறைய பேர் செய்துவிட்டார்கள். குவிமாடம், உட்பக்கம் தள்ளிய குவிமாடம், இயற்கை வடிவம் மூன்றையும் எடுங்கள். ஒவ்வொன்றையும் பத்து டிகிரி வரை சாய்த்து, ஐந்து மில்லிமீட்டர் வரை நகர்த்தி, தொடைப் பாகத்தை இருபக்கமும் ஐந்து டிகிரி திருப்பி ஓட்டுங்கள். மடக்கம் 15, 45, 90, 120 டிகிரி போதும். பாலிஎத்திலீனை நேர்கோட்டு மீள்பொருளாக எடுக்காமல் நெளியும் பொருளாகக் கொடுங்கள், இல்லாவிட்டால் 35 மெகாபாஸ்கல் பார்த்துப் பயந்துவிடுவீர்கள். சிறந்த நிலையில் ஜெயிப்பதை விட்டுவிட்டு, மோசமான நிலையில் எது குறைவாகத் தோற்கிறது என்று வரிசைப்படுத்துங்கள். பிறகு அந்த வடிவத்தை 7 மில்லிமீட்டருக்குக் குறைத்தால் முளையும் விளிம்பும் தாங்குமா என்று பாருங்கள். மெல்லிய சில்லுக்கு ஒரு மெல்லிய பட்டன் கிடைத்தால் அதுவே பெரிய காரியம். அளவுகளுக்கும் சோதனை எதிர்பார்ப்புகளுக்கும் ஏஎஸ்டிஎம் என்ற தர அமைப்பின் எஃப் 1672 தரக்குறிப்பைப் புரட்டுங்கள்.

கணினியில் உட்கார்ந்து சலித்துப் போனால், பிரிண்டரை வேறொன்றுக்குப் பயன்படுத்தலாம்: வெட்டும் கவ்வி. ரம்பம் ஓடுவதற்கு முன்பே நான்கு மூலையிலும் மிஞ்சப் போகும் எலும்பின் தடிமனைக் காட்டுகிற ஒரு கவ்வியை மாதிரி எலும்பில் செய்து காட்ட முடிந்தால், எந்த ஆர்த்தோ துறைத் தலைவரும் உங்களை உட்காரவைத்துப் பேசுவார். அப்போதே நெறிமுறைக் குழு அனுமதியோடு கழற்றிய பட்டன்களையும் கேட்டு வாங்குங்கள். எடுக்கும்போதே மேல்பக்கமும் வெளிப்பக்கமும் எது என்று குறித்துத் தரச் சொல்லுங்கள். வட்டப் பட்டனில் குறி இல்லாவிட்டால் எந்தச் சரிவு எந்தப் பக்கம் இருந்தது என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது.